முதலில் தண்ணீர், பிறகு வண்டி

கத்திரி கழிந்துவிட்டால் கண்டம் தாண்டிவிட்டோம் என்று நினைக்கிற வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. மே 4-ஐ ஒட்டித் தொடங்கி 28-ஐ ஒட்டி முடிகிற அக்கினி நட்சத்திரம் போனதும் தண்ணீர்ப் பந்தலைப் பிரித்துவிடுகிறோம், மோர்ப் பானையைக் கவிழ்த்துவிடுகிறோம். அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிக் கரிசலில் வெயில் அப்படி இறங்கிவிடுவதில்லை. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழுகிற அதே காற்று, ஈரத்தையெல்லாம் மலையிலும் மலையடியிலும் உதறிவிட்டு, வெறும் வறட்டுக் காற்றாக நம் மேல் அடிக்கிறது. மதுரை விமான நிலையம் நமக்குப் பக்கம்தான். ஆகஸ்ட் மாதத்தில்கூட அங்கே 39, 40 டிகிரி செல்சியஸ் பதிவாகி, மாநிலத்திலேயே அதிக வெப்பம் என்று செய்தி வாசிக்கிறார்கள். ஆகவே இந்த அத்தியாயத்தில் உள்ளவை மாசிக் கடைசி தொட்டுப் புரட்டாசி வரைக்கும் பொருந்தும்.

வெயில் தாக்கி நினைவு தடுமாறுகிறவரை வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் குளிர வையுங்கள். இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். நம் ஊர்களில் ஒருவர் விழுந்ததும் முதலில் எழுகிற குரல், "வண்டியக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு" என்பதுதான். பாம்புக் கடிக்கும் நெஞ்சு வலிக்கும் அது சரி. வெயில் தாக்குக்கு மட்டும், ஆஸ்பத்திரியில் முதலில் செய்யப்போகிற வைத்தியம் உங்கள் கையில் இருக்கிற குடத்திலேயே இருக்கிறது. உடல் வெப்பம் 104 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் நிற்கிற ஒவ்வொரு நிமிடமும் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் கெடுகின்றன. அரை மணி நேரத்துக்குள் அதை 102-க்குக் கொண்டுவந்துவிட்டால் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்வார்கள். திருச்சுழிக்கு உள்ளே தள்ளியிருக்கிற ஒரு கிராமத்துக்கு ஆம்புலன்ஸ் வந்து, ஆளை ஏற்றி, அருப்புக்கோட்டை போய்ச் சேர்வதற்குள் அந்த அரை மணி கடந்துபோயிருக்கும்.

டிவியில் சொல்லும் வெயிலும் நம் தலையில் விழும் வெயிலும்

செய்தியில் 39 டிகிரி என்றால் அது நிழலில் எடுத்த அளவு. தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில், காற்று புகுந்து வெளியேறும் வெள்ளைப் பெட்டிக்குள் வைத்த வெப்பமானி காட்டியது. மிளகாய்ச் செடிக்கு நடுவே குனிந்து நிற்கிறவருக்கு மேலே சூரியன், கீழே வெயிலைக் குடித்து வைத்திருக்கிற கறுப்பு மண். அவர் உடம்பு வாங்குகிற சூடு அந்த 39-ஐவிட எவ்வளவோ அதிகம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சமவெளிப் பகுதியில் வெப்பநிலை 40 டிகிரியைத் தொட்டு, அந்த நாளின் வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது கூடியிருந்தால்தான் இந்திய வானிலை ஆய்வுத் துறை வெப்ப அலை என்று அறிவிக்கும். 45-ஐத் தொட்டுவிட்டால் வழக்கமான அளவைப் பார்க்காமலே அறிவித்துவிடும். நம் பக்கம் சித்திரை, வைகாசியில் வழக்கமான அளவே 38, 39 என்று நிற்பதால், ஆளைச் சாய்க்கிற வெயில் அடிக்கிற நாளில்கூட அறிவிப்பு வராமல் போகலாம். அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். 2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப் படை சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் 5 பேர் இறந்தார்கள். அது கத்திரியும் இல்லை, வெப்ப அலை நாளும் இல்லை. வெயிலும் நெரிசலும் தண்ணீர் கிடைக்காததும் சேர்ந்துகொண்டன. ஆடியில் இருக்கன்குடிக்கு நடந்து போகிற கூட்டத்துக்கும், பங்குனியில் வெறுங்காலோடு அக்கினிச்சட்டி ஏந்துகிறவர்களுக்கும் அதே ஆபத்து இருக்கிறது.

உடம்பு சூட்டை எப்படி வெளியேற்றுகிறது

வேலை செய்கிற தசை, தான் எரிக்கிற சக்தியில் முக்கால் பங்கைச் சூடாகத்தான் விடுகிறது. அந்தச் சூட்டை இரத்தம் தோலுக்குக் கொண்டுவருகிறது. வெளிக்காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் சூடு தானாக வெளியே போகும். காற்று 35 டிகிரி செல்சியசைத் தாண்டிவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். காற்றிலிருந்து உடம்புக்குச் சூடு ஏறத் தொடங்கும். பிறகு மிச்சமிருக்கிற வழி வேர்வை ஒன்றுதான். அதிலும் வேர்வை வழிந்து மண்ணில் விழுந்தால் பயனில்லை, தோலிலேயே காய வேண்டும். மண்பானை மேல் கசிகிற நீர் காயக் காய உள்ளே தண்ணீர் குளிர்கிறதே, அதே கணக்கு.

இதில்தான் நம் வறண்ட சீமைக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. தூத்துக்குடியிலோ இராமேசுவரத்திலோ காற்றில் ஈரம் அதிகம். உடம்பில் ஊற்றிய தண்ணீர் சீக்கிரம் காயாது. இங்கே நனைத்த வேட்டி கொடியில் போட்ட கொஞ்ச நேரத்தில் முறுமுறுவென்று காய்ந்துவிடுகிறது. அந்த வறட்டுக் காற்றே வைத்தியத்துக்குத் துணை. நனைத்து விசிறினால் நம் ஊரில் உடம்பு வேகமாகக் குளிரும்.

நூற்பாலையில் நிலைமை வேறு. நூல் அறாமல் இருப்பதற்காக ஆலைக்குள் ஈரப்பதத்தை ஏற்றி வைத்திருப்பார்கள். அங்கே மயங்கி விழுகிறவரை இயந்திரங்களுக்கு நடுவிலேயே படுக்கவைத்து விசிறுவது வீண். முதலில் வெளிக்காற்றுக்குத் தூக்கி வர வேண்டும். கல்நார்க் கூரை போட்ட விசைத்தறிக் கூடத்துக்கும் இதுவேதான்.

பேச்சைப் பாருங்கள், நடையைப் பாருங்கள்

வெயிலில் வருகிற தொல்லைகள் எல்லாமே உயிருக்கு ஆபத்தானவை அல்ல. வேர்க்குரு வரும். கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். தலை கிறுகிறுக்கும், குமட்டும், கை கால் துவளும். இந்த மட்டில் ஆள் தெளிவாகப் பேசுகிறார் என்றால் நிழலில் படுக்கவைத்து, காலைச் சற்று உயர்த்தி, உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் தேறிவிடுவார். அன்றைக்கு அவர் மறுபடி வெயிலில் இறங்கக் கூடாது. அரை மணியில் தேறாவிட்டாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வெயில் தாக்குக்கு அடையாளம் புத்தி தடுமாறுவது. பெயரைக் கேட்டால் சொல்லத் தெரியாது. "இன்னைக்கு என்ன கிழமை?" என்றால் சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்வார். நாக்குக் குழறும். எதற்கோ கோபப்பட்டுக் கத்துவார், துணியை இழுப்பார், நேராக நடக்கவராமல் தள்ளாடுவார். வலிப்பு வரலாம், அப்படியே நினைவு போகலாம். தொட்டால் உடம்பு கொதிக்கும். வேர்வை நின்று தோல் காய்ந்துபோனால்தான் வெயில் தாக்கு என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அதை நம்பிக் காத்திருந்தால் ஆள் போய்விடுவார். வீட்டுக்குள் புழுங்கிக் கிடக்கிற முதியவருக்குத் தோல் வறண்டுபோவது உண்டு. மண்வெட்டி பிடித்து வேலை செய்துகொண்டிருந்த இளைஞருக்குச் சட்டை நனைய வேர்த்திருக்கும்போதே மூளை கலங்கும்.

நம் பக்கத்தில் இந்த அடையாளத்தை வேறு இரண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். உச்சிப்பொழுதில் காட்டிலிருந்து வந்து பிதற்றினால் முனி அடித்துவிட்டது என்று திருநீறு போட்டுக் கோடாங்கியைத் தேடுகிறார்கள். சாமி கும்பிடுவதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் தண்ணீரை ஊற்றுங்கள், தெளிந்தபின் கும்பிட்டுக்கொள்ளலாம். இரண்டாவதுதான் என்னை அதிகம் வருத்துவது. பேருந்து நிலையத்திலோ நான்குவழிச் சாலை ஓரத்திலோ தள்ளாடி விழுகிறவரைக் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று தாண்டிப் போகிறோம். குடித்திருந்தால்தான் என்ன? சாராயம் உடம்பிலிருந்து நீரை இழுத்துவிடுவதால் குடித்தவருக்கு வெயில் இன்னும் சீக்கிரம் தாக்கும். வெயிலில் கிடக்கிற ஆளின் மார்பிலோ கழுத்திலோ கை வைத்துப் பாருங்கள். கொதித்தால் காரணத்தை அப்புறம் விசாரிக்கலாம்.

வெப்பமானி கிடைத்தால் அக்குளில் வைத்துப் பார்க்கலாம். உள்ளே இருக்கிற சூட்டைவிட அது குறைவாகத்தான் காட்டும். 102 என்று காட்டினாலும் பேச்சு தடுமாறினால் வெயில் தாக்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் அரை மணி

ஒருவர் 108-க்குப் பேசட்டும். "வெயில் தாக்கு, நினைவு சரியில்லை" என்ற இரண்டையும் சொல்ல வேண்டும். ஊர்ப் பெயரோடு கண்மாய்ப் பெயர், பேருந்து நிறுத்தம், எந்தச் சாலையில் திரும்ப வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். ஒரே பெயரில் இரண்டு மூன்று பட்டிகள் இருக்கிற சீமை இது. இன்னொருவர் பைக்கை எடுத்துக்கொண்டு தார்ச் சாலைக்குப் போய் வண்டிக்காக நிற்கட்டும்.

மற்றவர்கள் ஆளை நிழலுக்குத் தூக்குங்கள். சீமைக்கருவேல நிழல் சல்லடை நிழல், வெயில் உள்ளே இறங்கும். பக்கத்தில் வேம்போ புளியோ இருந்தால் அங்கே போங்கள். எதுவும் இல்லையென்றால் நாலு பேர் சேலையையோ தார்ப்பாயையோ விரித்துப் பிடித்தால் போதும். செருப்பு, இடுப்பு வார், சட்டை எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெண்களாக இருந்தால் சேலைக்கு மேலே போட்டிருக்கிற சட்டையைக் கழற்றி, சேலையைத் தளர்த்தி, சுற்றி நிற்கிற பெண்கள் மறைத்துக்கொள்ளட்டும். கூச்சத்துக்காக நேரத்தைக் கடத்த வேண்டாம்.

பம்புசெட் தொட்டி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி, ஆள் உட்காரும் அளவு அண்டா என ஏதாவது பக்கத்தில் இருந்தால் கழுத்துவரை இறக்கிவிடுங்கள். திடகாத்திரமான ஆளுக்கு இதைவிட வேகமான வழி இல்லை. ஒருவர் பின்னால் நின்று இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தலை தண்ணீரில் மூழ்காமல் தாங்கிப் பிடிக்க வேண்டும். ஒரு நொடிகூடக் கையை எடுக்கக் கூடாது. தண்ணீர் ஜில்லென்று இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கலக்கிவிட்டுக்கொண்டே இருங்கள்.

தொட்டி இல்லாத இடம்தான் நமக்கு அதிகம். கோடையில் கண்மாய் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். வேலைத்தளத்தில் இருப்பது இரண்டு மூன்று பிளாஸ்டிக் குடம்தான். அது போதும். ஒரேயடியாகக் கவிழ்த்துவிட வேண்டாம். செம்பில் மொண்டு தலை, கழுத்து, மார்பு, தொடை என்று உடம்பு முழுக்க நனையும்படி ஊற்றுங்கள். உடனே இரண்டு பேர் இரு பக்கமும் நின்று துண்டால் பலமாக விசிற வேண்டும். தோல் காயத் தொடங்கியதும் அடுத்த செம்பு, மறுபடி விசிறல். ஊற்றுவதும் விசிறுவதும் மாறி மாறி நிற்காமல் நடக்க வேண்டும். விசிறுகிறவர் களைத்தால் ஆள் மாற்றிக்கொள்ளுங்கள். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் தொட்டியைவிட இந்த முறையே நல்லது. நனைத்த கனத்த போர்வையை மூடி அப்படியே விட்டுவிடுவது பெரிய தவறு. சற்று நேரத்தில் போர்வை சூடாகி உள்ளேயிருந்து சூடு வெளியேற விடாமல் அடைத்துவிடும். துணி போடுவதென்றால் மெல்லிய துண்டாகப் போட்டு, நிமிடத்துக்கொரு தடவை பிழிந்து நனைத்து மாற்ற வேண்டும்.

தண்ணீர் நல்ல தண்ணீராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருக்கும், வாயில் வைக்க முடியாது. மேலே ஊற்ற அதுவே போதும். குடிக்க வைத்திருக்கிற குடத்தைக் காலி செய்ய யோசித்து யாரும் தயங்கி நிற்கக் கூடாது என்பதால்தான், வேலைத்தளத்தில் உப்புத் தண்ணீர் ஒரு குடம் தனியாக இருக்கட்டும் என்கிறேன். மீன் விற்கிற பைக்கோ பெட்டிக்கடையோ பக்கத்தில் இருந்தால் ஐஸ் கட்டி வாங்கித் துணியில் பொதிந்து கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் வைக்கலாம். அது கூடுதல் உதவிதான். ஐஸ் தேடி ஆள் அனுப்பிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிடாதீர்கள்.

"சூட்டு உடம்புல பச்சத்தண்ணி ஊத்தாத, ஜன்னி கண்டுரும்" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். அவர் கண்ட அனுபவத்தில் நினைவு தடுமாறி, உடல் விறைத்து இறந்துபோனவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களைக் கொன்றது சூடு. காய்ச்சலில் உடம்பு தானாகவே சூட்டை ஏற்றி வைத்துக்கொள்கிறது. வெயில் தாக்கில் சூட்டை இறக்க முடியாமல் தோற்றுப்போகிறது. வெளியிலிருந்து நாம்தான் இறக்க வேண்டும். காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமால் மாத்திரை இதற்குக் கேட்காது. ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கிற கல்லீரலுக்கு அது கெடுதலும் செய்யும். ஆஸ்பிரினும் கூடாது.

நினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சோடா, காபி, இளநீர் எதுவானாலும் மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவையுங்கள்; வாந்தி வந்தால் வெளியே போகும். வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி திணிப்பதை விட்டுவிட்டு, தலை கல்லில் மோதாமல் அடியில் துண்டை மடித்து வையுங்கள். அப்போதும் தண்ணீர் ஊற்றுவது நிற்கக் கூடாது. மூச்சு நின்றுபோனால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வேகமாக அழுத்துங்கள்.

எப்போது நிறுத்துவது? பெயர் சொல்லி, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்தலாம். உடம்பு வெடவெடவென நடுங்கினாலும் நிறுத்தி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அதற்கு முன்னால் ஆம்புலன்ஸ் வந்துவிட்டால் வண்டிக்குள்ளும் நனைப்பதைத் தொடரச் சொல்லுங்கள். வண்டி வரவே வழியில்லை, நாமே கொண்டுபோக வேண்டும் என்றால் குட்டியானை வண்டியின் திறந்த பின்பக்கம் காருக்குள்ளே அடைப்பதைவிட நல்லது. மேலே தார்ப்பாய் நிழல் இருக்கட்டும், குடத்தில் தண்ணீர் இருக்கட்டும், வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போங்கள். ஓடுகிற வண்டியில் அடிக்கிற காற்றே விசிறும்.

திருச்சுழியிலும் அருப்புக்கோட்டையிலும் அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. அடுத்தகட்டத்துக்கு 2022-இல் திறந்த விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, இல்லாவிட்டால் மதுரை இராசாசி மருத்துவமனை. ஆள் தெளிந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் போயே ஆக வேண்டும். கல்லீரல், சிறுநீரகக் கெடுதி இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் முழுசாகத் தெரியும். சிறுநீர் கருங்காப்பி நிறத்தில் போனால் தசை கரைந்து இரத்தத்தில் கலக்கிறது என்று பொருள். அதைத் தாமதமில்லாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விழாமல் பார்த்துக்கொள்வது

ஒரு கண்மாய்க் கரை வேலையை எண்ணிப் பாருங்கள். காலையில் வீட்டு வேலை முடித்து, வெறும் டீயோடு கிளம்பி வந்த பெண்கள். தலையில் சும்மாடு, மேலே மண்சட்டி, கரையேற்றம். பதினோரு மணிக்குமேல் கரைமண் உள்ளங்காலைச் சுடும். தண்ணீர்க் குடம் தூரத்தில் ஒரு கருவேல மரத்தடியில் இருக்கும். குடித்தால் ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே பாதிப் பேர் குடிக்காமல் இருப்பார்கள். அறிவுரை சொல்லி இதை மாற்ற முடியாது. மறைப்புக் கட்டித் தர வேண்டும், குடத்தை வேலை நடக்கிற இடத்துக்கே நகர்த்த வேண்டும். நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வேலைத்தளத்தில் குடிநீர், நிழல், ஓய்வு, முதலுதவிப் பெட்டி எல்லாம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. கேட்பது சலுகை அல்ல என்பதைக் கேட்கிறவர்களும் கொடுக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தாகம் எடுத்தபின் குடிப்பது பிந்திய குடிப்பு. கால் மணிக்கு ஒரு டம்ளர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரைக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்தில் உப்புக் குறைந்து அதுவே மயக்கத்தைக் கொண்டுவரும். உப்புக்கு நம்மிடம் வழி இருக்கிறது. உப்பும் மோரும் கரைத்த கம்மங்கூழ், கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம், காலையில் நீராகாரம் என்று கரிசல் சம்சாரிகள் காட்டுக்குக் கொண்டுபோனது இந்தத் தேவைக்குச் சரியாகப் பொருந்துகிற சாப்பாடு. கலர் சோடா அந்த இடத்தை நிரப்பாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்கும். 1 லிட்டருக்கு என்று போட்ட பொட்டலத்தை 1 லிட்டரில் முழுசாகக் கரைக்க வேண்டும்; டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக்கொள்வது தவறு. கரைத்ததை ஒரு நாளுக்குள் தீர்க்க வேண்டும். பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும்.

புதிதாக வெயிலில் இறங்குகிறவர்தான் முதலில் விழுவார். திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பி, மறுநாளே முழு வேலைக்கு இறங்குகிற இளைஞர்களைச் சொல்கிறேன். உடம்பு வெயிலுக்குப் பழக ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் ஆகும். அதற்குள் வேர்வை சீக்கிரம் வரத் தொடங்கும், அதில் உப்புப் போவது குறையும், இதயம் அடித்துக்கொள்வது தணியும். அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை ஆராய்ந்ததில், திறந்தவெளி வெயில் மரணங்களில் பாதிக்கு மேல் வேலைக்கு வந்த முதல் சில நாட்களிலேயே நடந்திருந்தன. ஆகவே முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, நாளுக்கு ஒரு பங்கு கூட்டிக்கொண்டு போகலாம். கொத்தனாரும் மேஸ்திரியும் இதற்கு முகம் சுளிப்பார்கள். சொல்லிப் புரியவைக்கத்தான் வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு இன்னும் கவனம் தேவை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017-இலிருந்து தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு நேர்ந்திருந்தது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவருக்கு நிழலில் செய்கிற வேலையைக் கொடுப்பது ஊர் ஒத்துக்கொண்டால் நடக்கக்கூடியதுதான்.

கரிமூட்டம் போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சொல். மூட்டத்தைப் பிரித்துக் கரி அள்ளுகிற வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வெயிலோடு நெருப்பின் அனலும் சேருகிறது. புகையில் கார்பன் மோனாக்சைடு இருப்பதால் தலைவலியும் கிறுகிறுப்பும் அதனாலும் வரலாம். எதனால் என்று ஆராயாமல் காற்று வருகிற திசைக்கு ஆளை நகர்த்துங்கள்.

வீட்டுக்குள் இருப்பவர்கள்

2010 மே மாதத்தில் அகமதாபாத்தில் அடித்த வெயிலில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள். அதன்பின் 2013-இல் அந்த நகரம் வெப்பத் தடுப்புத் திட்டம் வகுத்தது. இப்படிப்பட்ட கணக்குகளில் வருகிறவர்கள் எல்லோரும் வெயிலில் நின்றவர்கள் அல்ல. வீட்டுக்குள் ஓசையில்லாமல் போகிற முதியவர்களும் உண்டு. தகரக் கொட்டகையிலும் கல்நார்க் கூரைக்கடியிலும் தனியாக இருக்கிற அப்பத்தாவை மதியம் ஒரு தடவை, பொழுது சாய ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும். சாப்பிட்டீர்களா என்று கேட்பதோடு தண்ணீர்ச் செம்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்றும் பாருங்கள். காற்று 40 டிகிரிக்கு மேல் போனால் மின்விசிறி மட்டும் போட்டால் சூடான காற்றைத்தான் உடம்பில் அடிக்கும். ஈரத்துண்டால் கை, கழுத்து, காலை நனைத்துவிட்டு விசிறியைப் போட்டால் குளிரும். மதியத்தில் அவரைத் தூணோரத் திண்ணைக்கோ வேப்பமரத்தடிக்கோ மாற்றினாலே பாதி ஆபத்துக் குறையும்.

இரத்தக் கொதிப்புக்கும் இதயத்துக்கும் கொடுக்கிற நீர் பிரிக்கும் மாத்திரை, மனநோய்க்கான சில மாத்திரைகள், சளிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் வேர்வையையோ உடல்நீரையோ குறைத்துவிடும். அவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கோடை தொடங்கும்போதே மருத்துவரிடம் சீட்டைக் காட்டி அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறவர்கள் ஓ.ஆர்.எஸ். கரைசலையும் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை, ஈர மணல் நிரப்பிய பானைக்குள் இன்னொரு சிறு பானை வைத்து அதனுள் வைக்கலாம். குழந்தையைக் காருக்குள் விட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, "இந்தா வந்துர்றேன்" என்று கடைக்குப் போகவே கூடாது.

காகிதமும் திரும்புதலும்

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதனால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. அதற்கு இறப்பின் காரணம் மருத்துவர் எழுத்தில் இருக்க வேண்டும். வயலில் இறந்தவரை மாரடைப்பு என்று நாமே முடிவு செய்து, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டால் பிறகு எதையும் நிரூபிக்க முடியாது. துக்கத்தில் இதைச் சொல்வது கடினம்தான். உறவில் ஒருவராவது கிராம நிர்வாக அலுவலருக்கும் காவல் நிலையத்துக்கும் சொல்லி, உடற்கூறாய்வுக்கு ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும்.

பிழைத்து வந்தவர் குறைந்தது ஒரு வாரம் வெயிலில் வேலைக்குப் போகக் கூடாது. இரத்தப் பரிசோதனையில் கல்லீரலும் சிறுநீரகமும் சரியாகிவிட்டன என்று மருத்துவர் சொன்னபின், புதிய ஆள் போலவே முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு என்று தொடங்க வேண்டும். ஒரு தடவை வெயில் தாக்கியவருக்குச் சில மாதம் வரை வெயில் தாங்காமல் இருக்கலாம். அவரோடு வேலை செய்கிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டைப் பத்திரப்படுத்தி, அடுத்து எந்த நோய்க்குப் போனாலும் அதைக் காட்டச் சொல்லுங்கள்.